ரவுட்டருக்கு ஐபி போடும் முன் ஒரு தாளை எடுங்கள்

இந்த மாதம் ஒரு பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அலுவலகத்தில் இன்டர்நெட் வருகிறது, கம்ப்யூட்டர் லேபில் வரவில்லை, ரவுட்டர் பழுதாகிவிட்டது போல, புதிதாக வாங்கிவிடலாமா என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டருக்கு ஒரு குறையும் இல்லை. லேப் பக்கத்து இன்டர்ஃபேஸில், அதாவது லேப் கேபிள் ரவுட்டரில் சேரும் முனையில், ஐபி முகவரியே இல்லை. அலுவலகப் பக்கம் 192.168.10.64, மாஸ்க் (நெட்வொர்க் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0. ஆஸ்பத்திரி, நூல் மில், ஜவுளிக் கடை என்று எங்கே போனாலும் எண்கள்தான் வேறு, தப்பு இதேதான். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பள்ளிக்குத் திட்டம் போட்டவர் சரியாகத்தான் போட்டிருந்தார். 192.168.10.0 என்ற நெட்வொர்க்கை /26 கணக்கில், அதாவது 255.255.255.192 மாஸ்க் வைத்து, நான்காகப் பிரித்து, 64-ல் தொடங்கும் துண்டு அலுவலகத்துக்கு, 128-ல் தொடங்கும் துண்டு லேபுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ரவுட்டரை அமைக்க வந்த தம்பி தாளில் இருந்த 192.168.10.64-ஐ அப்படியே இன்டர்ஃபேஸுக்கு அடித்துவிட்டார். சிஸ்கோ ரவுட்டர் இதை ஏற்காது. ‘பேட் மாஸ்க் /26 ஃபார் அட்ரஸ் 192.168.10.64’ என்று திருப்பி அனுப்பும். மாஸ்க் தப்பு என்றுதானே சொல்கிறது என்று அவர் மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கினார். ரவுட்டர் வாங்கிக்கொண்டது. அடுத்து லேப் பக்கம் 192.168.10.129-ஐ /26 மாஸ்க்கோடு அடித்தபோது ‘ஓவர்லேப்ஸ்’, அதாவது ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கின்மேல் விழுகிறது, என்று மறுத்துவிட்டது. அவர் அதோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். அலுவலகக் கணினிகளுக்கும் டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாடு) வழியாக அதே 255.255.255.0 போனதால் அங்கே மட்டும் எல்லாம் ஓடியது.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: ‘பேட் மாஸ்க்’ என்று வந்தால் பெரும்பாலும் தப்பு மாஸ்க்கில் இல்லை, முகவரியில். இந்த மாஸ்க்கை வைத்துப் பார்த்தால் நீ கொடுத்த முகவரி ஒரு துண்டின் முதல் எண்ணாகவோ கடைசி எண்ணாகவோ விழுகிறது, அதை இன்டர்ஃபேஸுக்குத் தர முடியாது என்றுதான் ரவுட்டர் சொல்கிறது. முதல் எண் நெட்வொர்க்கின் பெயர். கடைசி எண் பிராட்காஸ்ட், அந்தத் துண்டில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி. அந்த அலுவலகத் துண்டில் 64-ம் 127-ம் கூடாது, 65 முதல் 126 வரை எதையும் வைக்கலாம். 64-ஐ 65 ஆக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

கணக்கு இவ்வளவுதான். மாஸ்க்கில் 255 அல்லாத முதல் எண்ணை 256-லிருந்து கழியுங்கள். 192 என்றால் 64. துண்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 255.255.252.0 என்றால் 256-லிருந்து 252 போக 4, மூன்றாவது எண் நான்கு நான்காகத் தாவும்: 10.10.4.0-ல் தொடங்கி 10.10.7.255 வரை ஒரே நெட்வொர்க். இதில் 10.10.4.255 நல்ல முகவரி, 10.10.5.0-வும் நல்ல முகவரி. ‘.0, .255-ல் முடிந்தால் வைக்கவே கூடாது’ என்று பாடமாகச் சொல்வதை நிறுத்துங்கள். எது முதல், எது கடைசி என்பதை மாஸ்க்தான் தீர்மானிக்கிறது.

மாஸ்க்கின் ஒவ்வொரு எண்ணும் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், 255-க்குக் குறைந்த எண் ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் 0. 255.225.255.0 என்று கை தவறி அடித்துவிட்டு அரை மணி நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இதெல்லாம் ரவுட்டரே பிடித்துக் கொடுத்துவிடும் தப்புகள். என்னை அதிகம் எரிச்சலாக்குவது வேறு. “இன்டர்நெட் வருது சார், அப்புறம் மாஸ்க்ல என்ன தப்பு இருக்கப் போகுது?” இந்தக் கேள்வியைக் கேட்காத இடமே இல்லை. நிலம் வாங்கும்போது சர்வே எண்ணை மட்டும் பார்த்து, எல்லைக் கல்லைப் பார்க்காமல் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். ஐபி முகவரி சர்வே எண், மாஸ்க் எல்லைக் கல். எல்லை தப்பாக இருந்தாலும் வீட்டுக்குள் குடியிருக்கலாம், பக்கத்து மனையோடு பேச்சு வரும்போதுதான் தெரியும்.

லீஸ்டு லைனை, அதாவது சேவை நிறுவனம் உங்களுக்கென்று தனியாகத் தரும் இணைப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனம் கொடுத்த தாளில் முகவரி 203.0.113.18, மாஸ்க் 255.255.255.252, கேட்வே (வெளியே போகும் வாசல்) 203.0.113.17 என்று இருக்கிறது என்று வைப்போம். நான்கே முகவரிகள் கொண்ட துண்டு: 16 முதல் 19 வரை. அமைக்கிறவர் மாஸ்க்கைக் கவனிக்காமல் வழக்கமான 255.255.255.0-ஐப் போட்டுவிடுகிறார். கேட்வே கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அதனால் யூடியூப் வரும், மெயில் வரும், பேங்க் சைட் வரும். எல்லோரும் கை குலுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். ஆறு மாதம் கழித்து ‘ஒரே ஒரு சப்ளையரோட சைட் மட்டும் திறக்கல’ என்று புகார் வரும். அந்த சப்ளையரும் அதே சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர், அவருடைய முகவரி 203.0.113.90. உங்கள் ரவுட்டர் அவரைத் தன் வயரிலேயே இருப்பதாக நினைத்து அங்கேயே தேடுகிறது, கேட்வேக்கு அனுப்புவதே இல்லை. மற்ற தளங்கள் எல்லாம் நன்றாக வருவதால் யாருக்கும் மாஸ்க் மீது சந்தேகம் வராது. ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்பார்கள், தளத்தின் பெயரை முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்ப்பார்கள், அந்த சப்ளையரோடு சண்டை போடுவார்கள்.

இன்னொன்று, ‘பெரிய மாஸ்க் போட்டால் நிறைய கம்ப்யூட்டர் பிடிக்கும்’ என்று தலைமை அலுவலகத்தில் 255.255.0.0 போடுவது. சர்வர் 192.168.1.10, கிளை அலுவலகம் 192.168.20.0. கிளையிலிருந்து வரும் பாக்கெட் சர்வர் வரை ஒழுங்காக வந்து சேரும். சர்வர் பதில் அனுப்பப் பார்க்கும்போது, 192.168.20-ம் என் வீட்டுக்குள்தானே என்று ரவுட்டரை விட்டுவிட்டு உள்ளூர் வயரில் தேடும். பதில் வெளியே போகவே போகாது. பார்க்கிறவர்களுக்குக் கிளையின் லைன் கோளாறு மாதிரி தெரியும்.

விண்டோஸிலும் ஒரு பொறி இருக்கிறது. கையால் 10.20.5.10 என்று அடித்து டேப் தட்டினால் மாஸ்க் கட்டத்தில் தானாக 255.0.0.0 வந்து உட்கார்ந்துகொள்ளும். மாஸ்க்கை வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளும் சைடர் முறை 1993-லேயே வந்து, முகவரியின் முதல் எண்ணை வைத்து மாஸ்க்கை முடிவு செய்யும் ஏ, பி, சி வகுப்புக் கணக்குக்கு வேலையில்லாமல் போய்விட்டது, அந்தக் கட்டம் மட்டும் இன்னும் பழைய கணக்கில் நிரம்புகிறது. அப்படி வந்ததை ஓகே கொடுத்துவிட்டால் அந்தக் கணினிக்கு 10-ல் தொடங்கும் உலகம் முழுக்க உள்ளூர். இதிலும் சில இடங்களில் வருடக்கணக்கில் எல்லாம் ஓடும். காரணம் ப்ராக்ஸி ஆர்ப். சிஸ்கோ ரவுட்டர்களில் அது இயல்பாகவே இயங்கும், வெளியில் இருப்பவரைக் கணினி தப்பாக உள்ளூர் வயரில் தேடினாலும் ரவுட்டர் ‘நான்தான்’ என்று பதில் சொல்லிக் காப்பாற்றிவிடும். பிறகு ஒருநாள் அந்த ரவுட்டரை எடுத்துவிட்டு ஃபயர்வால் வைப்பார்கள். கிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். பழி புதுப் பெட்டி மேல். ஓடுகிறது என்பதை வைத்து மாஸ்க் சரி என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு முனையிலும் எழுதியிருக்கும் மாஸ்க்கைக் கண்ணால் படித்துப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக.

ரவுட்டரின் இரண்டு கால்கள் ஒரே நெட்வொர்க்கில் நிற்கக்கூடாது. ஃபைபர் கொடுத்தவரின் பெட்டி 192.168.1.1, அதன் பின்னால் நீங்கள் வாங்கி வைக்கும் ரவுட்டரின் உட்பக்கமும் 192.168.1.1 என்றால் எதுவும் உருப்படியாக ஓடாது. உட்பக்கத்தை மாற்றுங்கள். மாற்றும்போது 192.168.0, 192.168.1 இரண்டையும் அலுவலகத்துக்கு வைக்காதீர்கள். பாதி வீடுகளில் அதுதான் இருக்கிறது, வீட்டிலிருந்து விபிஎன்னில் (இன்டர்நெட் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) வருகிறவர் இரண்டு முனையிலும் ஒரே எண்கள் ஆகி மாட்டிக்கொள்வார். 172.17-ம் வேண்டாம், டாக்கர் என்ற மென்பொருள் ஓடும் சர்வர் அதைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கும்.

உள்ளே வைக்கும் முகவரிகளுக்கு 1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறது: 10-ல் தொடங்குவது முழுக்க, 172.16 முதல் 172.31 வரை, 192.168. அவ்வளவுதான். 172.32 உங்களுடையது இல்லை, 192.169-ம் இல்லை. யாரும் பயன்படுத்தவில்லை என்று 1.1.1.1-ஐ உள்ளே வைத்தவர்கள் பலர். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் அதே முகவரியில் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோது அப்படி வைத்தவர்களின் நெட்வொர்க்கிலிருந்து அதை எட்ட முடியவில்லை.

இரண்டு ரவுட்டர்களை நேராக இணைக்கும் லைனுக்கு /30 (255.255.255.252) போதும். 2000-லிருந்து இரண்டே முகவரி கொண்ட /31-க்கும் அனுமதி உண்டு, ஆனால் எதிர் முனையில் இருக்கும் கருவி அதை ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மைக்ரோடிக் ரவுட்டரில் முகவரியை மாஸ்க் இல்லாமல் அடித்தால் ஒரே முகவரி கொண்ட /32 ஆகிவிடும், பக்கத்துக் கணினிகூடத் தெரியாது. பின்னால் /24 (255.255.255.0) என்றோ உங்கள் கணக்குப்படியோ கட்டாயம் சேருங்கள். அழகுக்காக 192.168.010.1 என்று சுழி சேர்த்து எழுதாதீர்கள், பல கருவிகள் அந்த 010-ஐ எட்டு என்று படித்து 192.168.8.1-ஐத் தேடிப் போகும்.

தொடங்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் நான்கே விஷயம் எழுதுங்கள்: துண்டின் முதல் எண், கடைசி எண், மாஸ்க், ரவுட்டருக்கு வைக்கும் எண். எந்த இரண்டு துண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை என்று பார்த்துவிட்டுக் கீபோர்டில் கை வையுங்கள். எழுதின தாளை ரேக்கின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள், அடுத்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஏற்கெனவே தப்பாக இருப்பதைத் திருத்துகிறீர்கள் என்றால் நேரில் போய்ச் செய்வது நல்லது. வெளியூரிலிருந்துதான் முடியும் என்றால், சிஸ்கோவில் இருக்கும் கான்ஃபிகரேஷனைச் சேமித்துவிட்டு முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள், அப்புறம் மாஸ்க்கை மாற்றுங்கள். தொடர்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பி எழுந்துவிடும். அறுந்துபோகவில்லை என்றால் எல்லாப் பக்கமும் பிங் கொடுத்துப் பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துச் சேமியுங்கள். மைக்ரோடிக்கில் அதற்கு சேஃப் மோட் இருக்கிறது.