லென்ஸ் சரியில்லை என்று வருகிறவர்களுக்கு

செங்கோட்டையில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதால் கடையில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்கும். மலைக்கு இந்தப் பக்கம் தென்காசி, கடையநல்லூர், சுரண்டை. அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் ஆட்கள் வருவார்கள். கல்யாண ஸ்டுடியோக்காரர்களின் கேமரா தேய்ந்து வரும். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவர்களின் கேமரா பெரும்பாலும் தேயாமலே வரும். வாத்தியார், பேங்க் வேலைக்காரர், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர், யாராக இருந்தாலும் வாசலில் நின்று சொல்வது ஒன்றுதான்: "அண்ணாச்சி, லென்ஸ்ல ஏதோ கோளாறு. படம் ஷார்ப்பா விழமாட்டேங்கு. வேற லென்ஸ் வாங்கிரலாமா?"

லென்ஸைத் தொடுவதற்கு முன்னால் மெமரி கார்டைத்தான் கேட்பேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதை எடுத்த ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற அளவு), லென்ஸை எத்தனை மில்லிமீட்டரில் வைத்து எடுத்தது (எண் கூடினால் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும்) என்ற விவரமெல்லாம் பதிந்திருக்கும். கேமராவின் டிஸ்ப்ளேயிலேயே இதைப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அந்த விவரமும் படமும் போதும்; கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படம் மங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம் உண்டு. மூன்றும் பார்க்க வெவ்வேறு மாதிரி இருக்கும். படத்தைக் கம்ப்யூட்டரில் நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். கோபுரம், மரம், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் உள்ள சுவர் தெளிவாக இருந்து, ஓடுகிற குழந்தை மட்டும் கலங்கியிருந்தால் ஆடியது குழந்தை, ஸ்பீடு போதவில்லை. நீங்கள் எடுக்க நினைத்த முகம் மங்கி, அதற்கு முன்னால் உள்ள செடியோ பின்னால் உள்ள கதவோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பிரிக்கத் தெரியாமல் லென்ஸ் மாற்றினால் புது லென்ஸிலும் அதே படம்தான் வரும்.

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஸ்பீடு நொடியில் அத்தனையில் ஒரு பங்கைவிட மெதுவாக இருக்கக் கூடாது. சிறிய சென்சார் (படத்தைப் பிடிக்கும் சிப்) உள்ள தொடக்கநிலை கேமராக்களில் ஒன்றரை மடங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 55-ல் வைத்து எடுத்தால் 1/80-க்கு மேல். 250-ல் வைத்தால் 1/400 பக்கம். என்னிடம் வரும் கார்டுகளில் 250 மில்லிமீட்டரும் 1/60-ம் சேர்ந்து இருக்கும். லென்ஸ் பாவம், அது என்ன செய்யும்? ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே ஆடுகிற பூவை நிறுத்தி வைக்காது. ஆடி மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்றில் எங்கள் ஊர்ப் பூ எதுவும் சும்மா நிற்காது. 1/500 வைத்தாலும் சில நேரம் போதாது.

ஸ்பீடைக் கூட்டினால் படம் இருட்டாகுமே என்பது அடுத்த பயம். ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள். எங்கேயோ கேட்டுவிட்டு 100-லேயே ஒட்டவைத்தது போல வைத்திருப்பவர்கள் அதிகம். கோயில் பிராகாரத்துக்குள் 1600, 3200 போகலாம், தப்பே இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தாலும் தெளிவான படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு சரி செய்யலாம். இழுபட்ட படத்தை அப்படி மீட்பது கஷ்டம். ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஸ்பீடு இவ்வளவு என்று குறித்து வைக்கும் வசதி இப்போது நிறைய கேமராக்களில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பாதிப் புகார் தீரும்.

சரி, உண்மையிலேயே லென்ஸ் கெட்டிருந்தால்? அதற்கும் வீட்டிலேயே சோதனை உண்டு. சுவரில் செய்தித்தாளை ஒட்டி, கேமராவை டிரைபாடில் நேராக நிறுத்தி, டைமர் வைத்து எடுங்கள். உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒன்று, பின்னால் உள்ள திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒன்று. லைவ் வியூ படம் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் ஆட்டோ ஃபோகஸைச் சரி செய்ய வேண்டியிருக்கும், கொண்டுவாருங்கள். இரண்டிலும் எழுத்து ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கலாம். பெரும்பாலும் எங்கேயாவது கீழே விழுந்த லென்ஸாக இருக்கும். மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் முதல் பிரச்சினை பொதுவாக வராது.

இன்னொரு புகார், வெளிச்சம். புளியரை வயலில் கொக்கை எடுத்தால் வெறும் வெள்ளைக் காகிதம் மாதிரி விழுகிறது, மலைமேல் மூடுபனியை எடுத்தால் அழுக்குச் சாம்பலாக விழுகிறது என்பார்கள். கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. படம் முழுக்கப் பனி என்றால் அதையும் சாம்பலாக்கிவிடும். நீங்கள் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உள்ள அமைப்பை, ஒரு படி கூட்ட வேண்டும். பச்சை வயலுக்கு நடுவில் சின்னதாக ஒரு கொக்கு என்றால் மீட்டர் வயலைப் பார்த்து அளக்கிறது, கொக்கு வெளுத்துப் போகிறது. ஒரு படி குறைக்க வேண்டும். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் வயலில் நின்றாலும் இதே கதைதான். மீட்டரை நம்பாமல் கண்ணால் வெளிச்சத்தை மதிப்பிட ஒரு பயிற்சி சொல்கிறேன். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஐஎஸ்ஓ 100, ஸ்பீடு 1/100 என்றால் படம் சரியாக விழும். ஃபிலிம் காலத்துக் கணக்கு. மேகம் மூடினால் அப்பர்ச்சர் 8. சாரலில் கருத்துக் கிடந்தால் 5.6. கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு மீட்டரைப் பாருங்கள். கொஞ்ச நாளில் எண் நெருங்கி வரும்.

இனி நான் அதிகம் வாதாடும் விஷயத்துக்கு வருகிறேன். படம் முன்னேற வேண்டுமென்றால் மூணாறு போக வேண்டும், லடாக் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். கார்டைப் பார்த்தால் ஓணத்துக்கு ஒரு இடம், பொங்கலுக்கு ஒரு இடம், நடுவில் எதுவுமே இல்லை. ஒரு புது இடத்தில் முதல் முறை நின்றால் எல்லாருக்கும் கிடைக்கும் படம்தான் உங்களுக்கும் கிடைக்கும். வெளிச்சம் எப்போது எங்கே விழும் என்று தெரிவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் கேரளத்திலிருந்து காரில் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பாதிப்பேர் வந்து சேர்வதே உச்சி வெயிலில். சூரியகாந்தி மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும். மலர்ந்து முற்றிய பூ கிழக்குப் பார்த்தே நிற்கும். மலையோ எங்களுக்கு மேற்கே. அப்படியென்றால் காலையில் வயலுக்குக் கிழக்கே நின்றால் பூவின் முகமும் தெரியும், முகத்தில் வெயிலும் விழும், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் நிற்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் பூவுக்குப் பின்னால். இதழ்கள் உள்ளிருந்து வெளிச்சம் விடும், முகம் இருண்டிருக்கும். இரண்டும் நல்ல படம்தான், ஆனால் வேறு வேறு படம். ஒரே வயலுக்குக் காலையும் மாலையும், மேகம் உள்ள நாளும் இல்லாத நாளும் போனவருக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். அப்புறம், வரப்பிலேயே நில்லுங்கள். செடியை மிதித்து நடுவில் போய் நிற்பதை விவசாயி எவ்வளவு நாள் பொறுப்பார்?

கருவி விஷயத்தில் நான் கடையில் அடிக்கடி சொல்லும் பெயர் மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த இயற்கை ஆய்வாளர். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். பல பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். யானை அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அந்தக் கட்டுச்சாமானே போதுமாக இருந்தது. இதைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டு, "சரி அண்ணாச்சி, 70-300 லென்ஸ் என்ன விலை?" என்று கேட்பார்கள். அதுவும் நடக்கும்.

அருவியைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் பால்போல வழிய 1/4 நொடி, அரை நொடி என்று டிரைபாடில் வையுங்கள். துளித்துளியாக உறைய 1/1000. சாரல் நேரத்தில் லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் போடுங்கள், துடைக்க இரண்டு துணி வையுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம், போலீசார் கயிறு கட்டினால் அந்தப் பக்கம் போகாதீர்கள். குளித்துக்கொண்டிருப்பவர்களை எடுக்காதீர்கள், தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுப்பது அதைவிட மோசம். கழுதுருட்டி பதின்மூன்று கண் ரயில் பாலத்துக்கு ரோட்டிலிருந்தே நல்ல கோணம் இருக்கிறது. தண்டவாளத்தில் ஏறுவது ரயில்வே சட்டம் 147-ம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

உண்மையான கோளாறுகளில் இந்த ஊரில் முதலிடம் ஃபங்கஸுக்கு. ஜூனில் சாரல் தொடங்கினால் வீட்டுக்குள்ளேயே துணி காயாது. காற்றில் ஈரம் அறுபது சதவீதத்தைத் தாண்டி, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். பீரோவில் பையோடு மூடி வைத்த கேமராவுக்கு இவை எல்லாமே தாராளமாகக் கிடைக்கும். தோல் உறை இன்னும் மோசம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரா வாரம் வெளியே எடுத்துப் படம் எடுக்கிறவரின் லென்ஸில் நான் ஃபங்கஸ் பார்ப்பது அபூர்வம்.

லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் மொபைல் டார்ச்சை அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல, வேர் போலக் கிளை விட்டிருந்தால் அதுதான். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாக இருக்கும். அது ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள். ஃபங்கஸைத் தொடக்கத்தில் கொண்டுவந்தால் துடைத்து எடுத்துவிடலாம். நாள் ஆனால் அது விடுகிற அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்துவிடும். பூஞ்சையை எடுத்தாலும் தழும்பு நிற்கும். வீடியோ பார்த்து வீட்டில் லென்ஸைப் பிரிக்காதீர்கள். பிரிப்பது சுலபம்தான். கண்ணாடிகளை அதே மையத்தில் திரும்ப உட்கார வைப்பதில்தான் எங்கள் பிழைப்பே நடக்கிறது. பழைய லென்ஸ் வாங்கப் போகும்போதும் இந்த டார்ச் சோதனையைச் செய்யுங்கள். கூச்சப்பட வேண்டாம், விற்பவர் தடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நிறம் மாறிய சிலிகா ஜெல்லை வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி பயன்படும். சமையலுக்கு எடுக்காத வாணலியாகப் பாருங்கள். பாச்சை உருண்டை ஈரத்தை எடுக்காது. அரிசிக்குள் கேமராவைப் புதைக்காதீர்கள், மாவுத்தூள் உள்ளே போகும். ஏசி காரிலிருந்து சாரலுக்குள் இறங்கினால் கண்ணாடி வேர்க்கும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள்.

கடைசியாக, எடுத்த படத்தை என்ன செய்கிறீர்கள் என்பது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் "சூப்பர்ணே" என்று பத்துப் பேர் சொல்வார்கள், அதை வைத்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மாதம் ஒருமுறை உட்கார்ந்து, எடுத்ததில் பத்தை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தாத படங்களை ஏன் தள்ளினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: கை ஆட்டம், தலைக்குப் பின்னால் கம்பம், வெளிச்சம் முகத்தில் இல்லை, சும்மா எடுத்தது. அடுத்த மாதமும் "தலைக்குப் பின்னால் கம்பம்" என்றே வந்தால் உங்கள் பாடம் அதுதான். முடிந்தால் இரண்டு படத்தை லேபில் கொடுத்து பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பிய குறை, காபி குடிக்கும்போது சுவரில் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் லென்ஸ்மேல் சந்தேகம் என்றால் தாராளமாக வாருங்கள். வரும்போது கார்டை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மங்கலாக விழுந்த படங்களை அப்படியே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் வேண்டாம். செய்தித்தாள் சோதனையில் எடுத்த இரண்டு படமும் அதிலேயே இருந்தால் உங்களுக்கும் எனக்கும் பாதி நேரம் மிச்சம்.