ஏர்சாஃப்ட் களத்தில் வாக்கி-டாக்கி: ஒரே நேரத்தில் ஒரே குரல்

பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டான ஏர்சாஃப்டில், பெரிய ஆட்டம் ஒன்றில் ஓர் அணியில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லோரிடமும் வாக்கி-டாக்கி இருக்கிறது. எல்லோரும் ஒரே சேனலில் இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடிகள் என்றால், சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 36 நொடிதான் கிடைக்கும். அதுவும் ஒருவர் முடித்த கணமே அடுத்தவர் தொடங்கினால்தான். மரங்களுக்கிடையே சிதறி நின்று, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளுக்குத் தப்பியபடி பேசுகிறவர்களால் அப்படி முறை வைத்துப் பேச முடியாது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தொடர்பு குலைந்துவிட்டால், பலரும் கருவியின் தரத்தையோ அதன் வாட் அளவையோ குறை சொல்வார்கள். என் பார்வையில் பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு சேனலின் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று யாரும் முன்கூட்டித் திட்டமிடாததில்தான் இருக்கிறது.

கைபேசியில் இருவர் ஒரே சமயத்தில் பேசிக்கொள்ளலாம். சாதாரண வாக்கி-டாக்கியில் அது இயலாது. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் அது ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்துகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆன்டெனாவிலிருந்து அரை வாட்டோ அதற்கு மேலோ வெளியேறுகிறது. தொலைவிலுள்ள தோழரிடமிருந்து வந்துசேரும் அலையின் திறனோ ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். இடி முழங்கும் இடத்தில் இலை விழும் ஓசையைக் கேட்க முடியாது என்பதால், அனுப்பும் நேரம் முழுவதும் கருவி தன் ஏற்பியை, அதாவது அலையைப் பெறும் பகுதியை, அணைத்துவைக்கிறது. ஆகவே பேசிக்கொண்டிருப்பவருக்கு, அதே நொடியில் வேறொருவரும் பேசுகிறார் என்பது தெரியவே தெரியாது.

இருவர் ஒன்றாகப் பேசினால் என்ன ஆகும் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை அதிர்வெண் பண்பேற்றம், அதாவது எஃப்.எம். முறையில் இயங்குகின்றன. எஃப்.எம். ஏற்பி, வரும் அலையின் வலிமையைப் பொருட்படுத்தாமல் அதிர்வெண் மாறும் விதத்தை மட்டும் பின்தொடர்வதால், ஓர் அலை மற்றதைவிடச் சற்றே வலிமையாக இருந்தாலும் ஏற்பி அதையே பற்றிக்கொண்டு, மற்றதை ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடுகிறது. விமானங்கள் இன்றும், அலையின் வலிமையை மாற்றிக் குரலை ஏற்றும் பழைய ஏ.எம். முறையில் பேசுவதற்கு ஒரு காரணம், அதில் இரண்டு குரல்கள் மோதினால் ஒரு கீச்சொலி எழுந்து மோதலைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான். எஃப்.எம்.மில் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதில்லை. இடப்புறக் குழு “சுற்றி வளைக்கிறார்கள்” என்று கூவும் நொடியில், தலைமைக்கு அருகிலிருக்கும் வேறொருவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தால், தலைமையின் காதில் தண்ணீர் மட்டுமே விழும். இடப்புறக் குழுவோ தன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும். கேட்டவர் செய்தியின் சாரத்தைத் திருப்பிச் சொல்லும் வரை அதைச் சேராத செய்தியாகவே கருத வேண்டும் என்ற விதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்த நெரிசலைக் குறைக்க அணியைக் கிளைகளாகப் பிரிக்கிறார்கள். 100 பேரைப் பத்துப் பேர் கொண்ட பத்துக் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் தனிச் சேனல் கொடுத்தால், ஆளுக்கு 36 நொடி என்பது 6 நிமிடமாகிறது. குழுத் தலைவர்கள் மட்டும், அல்லது அவர்களுடைய தொடர்பாளர்கள் மட்டும், இரண்டாவது கருவி ஒன்றின் வழியாகத் தலைமைச் சேனலைக் கேட்கிறார்கள். அந்தச் சேனலில் மொத்தம் பதினொரு பேர்தான். தொடர்பாளருடைய வேலை கேட்டதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பதன்று, வடிகட்டுவது. குழுவுக்குள் பத்து முறை பேசப்பட்ட செய்தி, “பாலத்தருகே எதிரிகள், எட்டுப் பேர், கிழக்கு நோக்கி நகர்கிறார்கள்” என்று ஒரே வாக்கியமாகத் தலைமைக்குப் போக வேண்டும். ஒரு நல்ல தொடர்பாளர் ஒரு குழுவுக்கு இரண்டு கூடுதல் துப்பாக்கிகளைவிட மதிப்புள்ளவர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் சேனல்களுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய பி.எம்.ஆர். 446 வகைக் கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 16 சேனல்களும், அரை வாட் உச்சவரம்பும் உண்டு. அமெரிக்காவின் எஃப்.ஆர்.எஸ். வகையில் 22 சேனல்கள். அவற்றில் சிலவற்றில் 2 வாட் வரை அனுமதி. இரு தரப்புக்கும் பத்துப் பத்துக் குழுச் சேனல்கள், இரண்டு தலைமைச் சேனல்கள், அமைப்பாளர்களுக்கு ஒன்று என்று கூட்டினாலே 23 ஆகிவிடுகிறது. எனவே சில குழுக்கள் ஒரே சேனலைப் பகிர்ந்தே ஆக வேண்டும்.

இங்கேதான் துணைத்தொனிகள் வருகின்றன. பலரும் தவறாகப் புரிந்துகொள்வதும் இவற்றைத்தான். பேச்சோடு சேர்த்து, 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரு தாழ்ந்த தொனியைக் கருவி ஓயாமல் அனுப்புகிறது. பேச்சுப் பாதை சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குவதால் அந்தத் தொனி காதுக்குக் கேட்பதில்லை. தனக்குக் குறித்த தொனி வந்தால் மட்டுமே ஏற்பி ஒலிபெருக்கியைத் திறக்கிறது. இதைத் தனிச் சேனல் என்றோ இரகசியக் குறியீடு என்றோ நினைப்பது பிழை. தொனி வேறானாலும் அதிர்வெண் ஒன்றுதான். உங்கள் கருவி மௌனமாக இருக்கும்போதே வேறொரு குழு அந்தச் சேனலை அடைத்துக்கொண்டிருக்கலாம். தொனியை அணைத்துவைத்துக் கேட்பவருக்கோ இரு குழுக்களின் பேச்சும் கேட்கும். பல கருவிகளில் அலை வந்துகொண்டிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு ஒன்று உண்டு. ஒலி எதுவும் கேட்காமல் விளக்கு மட்டும் எரிந்தால், பேசாமல் காத்திருப்பதே சரி.

தூரத்தைப் பொறுத்தவரை, வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது எளிது. தரையை ஒட்டிய இரு கருவிகளுக்கிடையே நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. சமதரையில் தூரம் இரட்டித்தால் திறன் பதினாறில் ஒரு பங்காகச் சரிகிறது. ஓர் ஆன்டெனாவின் உயரம் இரட்டித்தால் திறன் நான்கு மடங்காகிறது. மண்டியிட்டிருப்பவரின் மார்பில் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த ஆன்டெனா, அவர் எழுந்து நின்றதும் 1.5 மீட்டருக்கு உயர்ந்தால், அது அரை வாட் கருவியை 2 வாட்டாக்கியதற்குச் சமம். அடர்ந்த மரங்களுக்குள் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது. ஈர இலைகள் அலையை உறிஞ்சுகின்றன, உப்புநீர் நிறைந்த நம் உடலும் அப்படியே. இடுப்பில் செருகிய கருவி, உடலுக்கு மறுபுறமுள்ள தோழரிடம் மங்கலாகவே பேசும். அதைத் தோள்பட்டைக்கு மாற்றினாலே வேறுபாடு தெரியும்.

இனி, பேசும் விதம். பொத்தானை அழுத்தியபின் அலை எழும்பி, எதிர்முனை ஏற்பி தொனியை அடையாளம் கண்டு வாயிலைத் திறக்க ஒரு நொடியின் சிறு பகுதி தேவைப்படுகிறது. அழுத்திய உடனே பேசினால் முதல் அசை வெட்டுப்படும். பேசி முடிக்கும் முன்பே விட்டால் கடைசி அசை வெட்டுப்படும். தமிழில் பேசுவோருக்கு இந்தக் கடைசி அசை உயிர் போன்றது, ஏனெனில் நம் மொழியில் எதிர்மறை வினையின் இறுதியில்தான் வருகிறது. “பாலத்தைக் கடக்க வேண்டாம்” என்பதன் வால் அறுந்தால் “பாலத்தைக் கடக்க வே…” என்று மட்டுமே கேட்கும்; அது “வேண்டும்” என்றும் ஆகலாம். ஆகவே “நில்லுங்கள், பாலத்தைக் கடக்க வேண்டாம், நில்லுங்கள்” என்று முன்னும் பின்னும் அணை கட்டிப் பேசுவது நல்லது. எண்களிலும் இதே சிக்கல்தான். இரைச்சலில் ஐம்பதும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்கும். எழுபதும் எண்பதும் அப்படியே. “ஐந்து, பூஜ்யம்” என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் குழப்பம் தீரும். விமானிகள் ஆங்கில ‘நைன்’ என்பதை ‘நைனர்’ என்று நீட்டிச் சொல்வதும், அது ‘ஃபைவ்’ என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அழைக்கும்போது அழைக்கப்படுபவரின் பெயர் முதலில், தன் பெயர் பிறகு: “கருடன், கருடன், இது யானை.” தன் பெயர் காதில் விழுந்ததும் கருடன் கவனம் கொள்கிறார்; மற்றவர்கள் தம் வேலையைத் தொடர்கிறார்கள்.

பல ஆட்டங்களில், குண்டு பட்டவர் ஆட்டத்துக்குத் திரும்பும் வரை வாக்கி-டாக்கியில் பேசக் கூடாது என்பது விதி. ஒருவருக்கு உண்மையிலேயே காயம் ஏற்பட்டால் மட்டும், முன்பே ஒப்புக்கொண்ட சொல் ஒன்றைச் சொல்லி எவரும் எந்தச் சேனலிலும் குறுக்கிடலாம். ஆகவே அழைத்தும் பதில் தராத குழு முழுவதும் வீழ்ந்திருக்கலாம், பள்ளத்தில் இறங்கியிருக்கலாம், அல்லது அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தலைமைக்கு மூன்றும் ஒரே மௌனம்தான். அதைப் பிரித்தறிய, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு குழுவையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்க்கிறார்கள். இரண்டு முறை தவறிய குழுவை நோக்கி, செய்தியை வாய்மொழியாகச் சுமந்து ஒருவர் ஓடுகிறார்.