லேகியம் வந்தது, மாத்திரை நின்றது

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மாவை அழைத்துவந்தார்கள். முப்பது வருடம் மீன் விற்றவர். இப்போது நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணத் தெரியவில்லை. குடியிருக்கும் தெருவே புதிதாகத் தெரிகிறது. இரண்டு வருடமாக இப்படியாம். மகன் பையிலிருந்து ஞாபகசக்தி லேகியத்தை எடுத்து வைத்தார். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் எங்கே என்றேன். "இயற்கை வைத்தியம் ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டோம், டாக்டர்."

இந்த மாதத்தில் இது நான்காவது குடும்பம்.

உணவு, நடை, தூக்கம், உறவு என எல்லாவற்றையும் சேர்த்து அல்சைமர் என்னும் மறதிநோயைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சேர்ப்பது என்றால் மாத்திரையைத் தூக்கி எறிவது என்று யார் சொன்னது? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி ஆகியவற்றோடு இரத்த அழுத்தம் உள்ளிட்டவற்றின் கண்காணிப்பும் சேர்ந்தேதான் பலன் தந்தது. ஞாபகசக்திக்கு என்று விற்கப்படும் ஜின்கோ மர இலைச் சாற்றை மட்டும் 3,000க்கும் அதிகமான அமெரிக்க முதியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. வல்லாரைத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது கீரை. பிரஷர் மாத்திரையின் வேலையை அது செய்யாது.

காதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதே இல்லை. பட்டறையிலும் துறைமுகத்திலும் இரைச்சலுக்கு நடுவே உழைத்தவர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! காது மந்தமானவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், மூளைக்கு வேலை குறைகிறது. லேகியத்துக்குச் செலவழிப்பதைக் காது மெஷினுக்குச் செலவழியுங்கள். மறதிநோய்க்குக் காற்று மாசும் ஒரு காரணம்தான். அதை ஆலைப்புகை நடுவே வாழும் மணலி, எண்ணூர்க்காரர்களிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மறதி எல்லாமே அல்சைமரும் அல்ல. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் தலைக்குள் தங்கிய இரத்தக்கட்டு ஆகியவையும் இப்படியே காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அந்த அம்மாவுக்குத் தைராய்டு மிகக் குறைவு. மாத்திரை தொடங்கியிருக்கிறோம். எவ்வளவு நினைவு திரும்பும் என்று மகன் கேட்டார். இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் இன்னும் தைரியமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

அல்சைமர் என்றே உறுதியானாலும், அறிகுறிகளை ஓரளவு தணிக்க மருந்து இருக்கிறது. முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்று எவரிடமும் இல்லை. அப்படி விற்பவரிடம் ஏமாறாதீர்கள். மறந்ததற்காகத் திட்டாதீர்கள். சட்டைப்பையில் முகவரிச் சீட்டு வையுங்கள்.

வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். லேகியப் புட்டியையும்தான், ஒளிக்க வேண்டாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.