காந்தத்துக்குள் ஓடும் கண்ணி

அலை என்றால் போகப் போகப் பரந்து தேய்ந்துவிடும். சாலிட்டான் எனப்படும் தனி அலை மட்டும் உருக்குலையாமல் போவது எப்படி, அதுவும் காந்தத்துக்குள்? வாசகர் ஒருவரின் கேள்வி இது.

இரும்பு போன்ற ஃபெரோ காந்தத்தில் ஒவ்வோர் அணுவின் தற்சுழற்சியையும் (spin) ஓர் அம்பாக எண்ணுங்கள். நீளம் மாறாது, திசைதான் மாறும். பக்கத்து அம்புகளோடு ஒத்துப்போகாத அம்பு, சாயும் பம்பரம்போல் தலையைச் சுற்றும். சோவியத் இயற்பியலாளர்கள் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் 1935-இல் எழுதிய சமன்பாட்டின் சாரம் அதுதான். நேரியலற்ற சமன்பாடு, பள்ளியில் படித்த வழிகள் அதனிடம் செல்லாது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக இயற்பியலாளர் மு. லட்சுமணன் 1977-இல் வெளியிட்ட வழி அத்தனை அழகு. அம்புகளை ஒன்றன் தலையில் அடுத்ததன் வால் படும்படி கோத்துக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே திசை என்றால் நேர்க்கோடு. இல்லையென்றால் முப்பரிமாண வெளியில் நெளியும் ஒரு கயிறு. கயிற்றின் தொடுகோடுதான் அம்பு. அடுத்தடுத்த அம்புகள் விலகும் அளவு வளைவு. அதன் வர்க்கம் ஆற்றல் அடர்த்தியைத் தருகிறது. கயிறு ஒரு தளத்தை விட்டு வெளியேறும் அளவு முறுக்கம். வளைவின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் ஆற்றலின் ஓட்டம். வளைவில் பாதியை வீச்சாகவும், முறுக்கத்தின் தொகையீட்டைக் கட்டமாகவும் (phase) வைத்து ஒரு கலப்பெண் எழுதினால், அது நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது. கண்ணாடி இழையில் ஓடும் ஒளித்துடிப்புக்கும் அதே சமன்பாடுதான். அதில் ஓர் உறுப்பு துடிப்பைப் பரப்புகிறது, இன்னொன்று குவிக்கிறது. இரண்டும் சரிக்கட்டும் வடிவமே சாலிட்டான்.

கயிற்றில் அதைப் பார்த்தால் ஒரு கண்ணி! அதைக் கடக்கும்போது அம்பின் திசை திரும்பும் கோணங்களைக் கூட்டினால் எப்போதும் 360 பாகை. கண்ணியின் அகலம் பாதியானால் உச்ச வளைவு இருமடங்காகும், கூட்டுத்தொகை மாறாது. தகுந்த அலகுகளில் அதன் வேகம் முறுக்கத்தைப் போல் இருமடங்கு. முறுக்கம் சுழியமானால் கண்ணி நகராமல், தளத்தில் படுத்தபடி, தன் அச்சைச் சுற்றும். இந்த வேலைக்குத் தேவைப்பட்டது காகிதமும் வடிவியலும்தான். உடனடிப் பயனை மட்டும் கேட்டு நிதி ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினியில் செய்து பார்ப்பவர்கள் முதலில் வழுக்கும் இடம், இப்போதைய மாறுவேகத்தை வைத்தே அடுத்த காலப்படிக்குத் தாவும் ஆய்லர் முறை. வட்டத்தின் தொடுகோட்டில் ஒரு படி வைத்தால் வட்டத்துக்கு வெளியே போவோம். அதுபோல் ஒவ்வொரு படியிலும் அம்பு சற்று நீள்கிறது. படிதோறும் நீளத்தை 1-க்குத் திருத்தினாலும் ஆற்றல் பிசகும். படியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள நிலையை வைத்து, முடிவைச் சமன்பாடாகத் தீர்க்கும் உள்ளார்ந்த நடுப்புள்ளி முறை (implicit midpoint) நீளம், ஆற்றல் இரண்டையும் காக்கும். தெரிந்த நிலையிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணக்கிடும் வெளிப்படை முறைதான் (explicit) என்றால், அம்புகளுக்கு இடையிலான இடைவெளியைப் பாதியாக்கும்போது காலப்படியைக் கால்பங்காக்குங்கள். கண்ணியின் இரு ஓரங்களிலும் வளைவு சுழியத்தை நெருங்குவதால் அங்கே கணக்கிடும் முறுக்கம் வெறும் இரைச்சல். வேகத்தை உச்சிக்கருகில்தான் அளக்க வேண்டும்.

உண்மையான காந்தத்தில் கில்பர்ட் தணிப்பு எனப்படும் உராய்வு போன்ற விளைவு ஆற்றலை உறிஞ்சுவதால் கண்ணி அகன்று தளரும். அகலம் அணு இடைவெளியை நெருங்கினாலோ, தொடர்ச்சியான கயிறு என்ற கணக்கே நிற்காது.