எக்ஸ்எம்பி: பெட்டியில் 3200, திரையில் 2133

காரைக்குடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் ஒன்று உண்டு. "அண்ணே, 3200 ரேம்னு சொல்லிக் காசு வாங்கினீங்க, டாஸ்க் மேனேஜர்ல 2133ன்னு காட்டுதே?" கடைக்காரர் ரேமை, அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தை, மாற்றித் தரமாட்டார். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே, விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போவார். எக்ஸ்எம்பி என்று இருக்கும் இடத்தில் 'புரொஃபைல் 1' என்பதைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்திச் சேமிப்பார். "இப்பப் பாரு தம்பி." திரையில் 3200 வந்திருக்கும்.

எக்ஸ்எம்பி என்பது 'எக்ஸ்ட்ரீம் மெமரி புரொஃபைல்' என்பதன் சுருக்கம். டிடிஆர்3 என்ற தலைமுறை ரேம் வந்த புதிதில், 2007-ல், இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. அது இன்டெலின் பெயர் என்பதால், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசஸருக்கான மதர்போர்டுகளில் ஏசஸ் அதை டிஓசிபி என்றும், எம்எஸ்ஐ ஏ-எக்ஸ்எம்பி என்றும் எழுதின. 2022-ல் டிடிஆர்5-க்கு வந்தபோது ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. பயாஸில் எந்தப் பெயர் இருந்தாலும் செய்கிற வேலை ஒன்றுதான்.

அது என்ன வேலை? ரேம் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தால், வரிசையாக இருக்கும் பெரிய கறுப்புச் சில்லுகளுக்கு இடையே மிகச் சிறியதாக ஒரு சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்பிடி என்பார்கள். டிடிஆர்4 ரேமில் அதன் கொள்ளளவு வெறும் 512 பைட். ரேமின் அளவு என்ன, எந்த வேகத்தில் ஓடும், எத்தனை வோல்ட் வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் மதர்போர்டு அதைப் படிக்கிறது. அதில் இரண்டு வகைக் கணக்கு உண்டு. ஒன்று, 1958-ல் தொடங்கிய ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த பொது அளவு. மற்றது, ரேம் செய்த நிறுவனம் தானே சோதித்துப் பார்த்து எழுதிய கூடுதல் அளவு. நாம் வாய் திறந்து கேட்காதவரை போர்டு முதல் கணக்கோடு நின்றுவிடும். இரண்டாவதைத்தான் எக்ஸ்எம்பி திறந்துவிடுகிறது.

பெட்டியில் இருக்கும் எண்ணை 'ரேட்டட் ஸ்பீட்' என்கிறார்கள். ரேட் என்ற சொல் கணக்கிடப்பட்டது என்று பொருள் தரும் லத்தீன் 'ராட்டா'விலிருந்து வந்தது. செட்டிநாட்டில் ரேட் என்றால் வட்டி நினைவுக்கு வராமல் போகுமா? ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார்கள் கூடிப் பேசி நடப்பு வட்டி என்று ஒன்றை நிர்ணயிப்பார்கள். எல்லாருக்கும் பொதுவான அடிப்படை அது. தவணைக் கணக்குக்கான வட்டி அதை ஒட்டிக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஜெடெக் சொல்வதை நடப்பு வேகம் என்றும், பெட்டியில் அச்சிட்டதைக் குறித்த வேகம் என்றும் நாம் சொல்லிக்கொண்டால் குழப்பம் பெருமளவு தீரும். குறித்த வேகம் என்பது சில நிபந்தனைகளோடு விற்பவர் கொடுக்கும் வாக்கு. டிடிஆர்4-க்கு நடப்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி கணக்கில் பெரும்பாலும் 1.35 என்று இருக்கும்.

ஜெடெக் அட்டவணையிலேயே 3200 உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 3200 சிஎல்22 என்று எழுதிய ரேம் பொதுவாக எந்த அமைப்பையும் தொடாமலே 3200-ல் ஓடும். சிஎல்16 என்று எழுதிய கேமிங் ரேம்தான் 2133, 2400, 2666 என்று கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். சிஎல் என்பது தகவலைக் கேட்டதற்கும் அது வரத் தொடங்குவதற்கும் இடையே எத்தனை துடிப்பு என்ற கணக்கு. 3200-ல் 16 துடிப்பு என்றால் 10 நானோவினாடி. 22 என்றால் 13.75. நாம் காசு கொடுப்பது இந்த வித்தியாசத்துக்கும் சேர்த்துத்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கணினி மொழிபெயர்ப்பில் 'தீவிர நினைவக சுயவிவரம்' என்று வருகிறது. தீவிரம் சிகிச்சைக்குப் பொருந்தும், ரேமுக்கு ஒட்டவில்லை. சுயவிவரம் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் எழுதுவது. புரொஃபைல் என்ற சொல்லின் வேர் இத்தாலியத்தில் 'புரொஃபிலோ', கோட்டுருவம். அதற்குள் நூலைக் குறிக்கும் லத்தீன் 'ஃபீலும்' இருக்கிறது. அதிலிருந்து சுருக்கமான விவரம் என்ற பொருளுக்கு வந்திருக்கிறது. இங்கே அதற்குக் குறிப்பு என்ற சொல்லே போதும். 'உச்சவேகக் குறிப்பு' என்பது என் தேர்வு. படித்தவுடன் பொருள் தெரிகிறது, வாயிலும் நுழைகிறது.

இதோடு சேர்ந்து வரும் 'ஓவர்கிளாக்', அதாவது பொது அளவுக்கு மேல் வேகமாக ஓட்டுவது, கொஞ்சம் சிக்கல். கிளாக் என்பது மணியைக் குறிக்கும் இடைக்கால லத்தீன் 'கிளோக்கா'விலிருந்து வந்தது. நாமும் கோயிலில் அடிப்பதையும் கையில் பார்ப்பதையும் மணி என்றே சொல்கிறோம். ஆனால் மின்னணுவில் கிளாக் நேரம் காட்டுவதில்லை, தாளம் கொடுக்கிறது. அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு 'மிகைத்துடிப்பு' என்று சொல்லலாம்.

துடிப்பு என்று சொன்னால் இன்னொரு புதிரும் விடுபடும். சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் இதே 3200 ரேம் 1600 என்று காட்டும், மறுபடி கடைக்குப் போன் பறக்கும். டிடிஆர் என்பதே இரட்டைத் தகவல் வீதம். துடிப்பின் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று. வினாடிக்கு 160 கோடித் துடிப்பு, 320 கோடிப் பரிமாற்றம். பெட்டியில் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று போடுவது விற்பனைக்காரர்களின் தாராளம்.

குறித்த வேகம் வருவதற்கு ரேம் மட்டும் போதாது. எச்410, பி460 போன்ற இன்டெல் போர்டுகள் பிராசஸருக்கு அனுமதித்த வேகத்துக்கு மேல் விடாது. அங்கே 3200 ரேம் போட்டாலும் 2666 அல்லது 2933தான். பழைய 2400 ரேமோடு புதியதைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதற்கு இறங்கி வரும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமை, பிராசஸர் பக்கமிருந்து எண்ணி, பெரும்பாலும் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இதெல்லாம் கூடுதல் முக்கியம், படம் வரைகிற வேலைக்கும் இந்த ரேமையே நம்பியிருக்கிறார்கள்.

உச்சவேகக் குறிப்பைத் தேர்ந்த பிறகு திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பல போர்டுகள் சிலமுறை முயன்று பார்த்துவிட்டுத் தானே நடப்பு வேகத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு மாட்டினால் போதும். அப்புறம் அதே குறிப்பை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் 3000-க்குக் குறைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஓர் இரவு ஓட விடலாம். பிழை ஒன்றும் வரவில்லை என்றால் அதிலேயே இருந்துவிடலாம். அந்த 200-ஐத் துரத்திக்கொண்டு கடைக்கு நடக்க வேண்டாம், அன்றாட வேலையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.