ஃபார்திங் காலணா அல்ல

பழைய நாணயக் கண்காட்சி ஒன்றில் சின்ன வெண்கலக் காசு ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். பின்பக்கம் குட்டிப் பறவை. கீழே சீட்டு: 'காலணா, இங்கிலாந்து, 1949'. இங்கிலாந்தில் ஏதய்யா அணா? இதே கூத்தை இதற்கு முன்பும் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன்.

அந்தக் காசு ஃபார்திங். 'நான்கில் ஒரு பங்கு' என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆரம்பத்தில் வெள்ளிப் பென்னியை நாலாக வெட்டியே புழங்கினார்கள். 1279இல் முதலாம் எட்வர்டு காலத்தில்தான் வட்டக் காசாக அடித்தார்கள். ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 960 ஃபார்திங். 1956இல் அடிப்பது நின்றது, 1960 முடிவோடு செல்லாக்காசு ஆனது. பறவை 1937இல் வந்த ரென். அதைச் சிட்டுக்குருவி என்று விற்பவர்களோடு தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

காலணாக் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூபாய்க்கு 16 பென்னி. ரூபாய்க்கு 16 அணா. ஆக அணாவும் பென்னியும் ஒன்று, காலணாவும் ஃபார்திங்கும் ஒன்று. சரி, ஆனால் அது அன்றைய மாற்று விகிதம். 1927இல் ரூபாய் 18 பென்னி ஆனதும் அந்தச் சமன்பாடு போய்விட்டது. கண்ணாடிக்குள் இருந்ததோ 1949ஆம் வருஷக் காசு! தவிர, காலணா என்றே இங்கே அசல் நாணயம் இருந்தது. சேகரிக்க வரும் பையன் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் யார் குற்றம்?

ஃபார்திங்கைச் 'சல்லிக்காசு' என்று எழுதும் வசன மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு ரகம். கையில் சல்லிக்காசு இல்லை என்றால் சரி. நாணயத்தின் பெயராக வைத்தால் எத்தனை சல்லி ஒரு பென்னி? வெளிநாட்டுக் காசு எதைக் கண்டாலும் நம்மூர்ப் பெயரை ஒட்டிவிடுவது சோம்பேறித்தனம். பழைய தமிழ் வேதாகமக்காரர்கள் கவனமானவர்கள். ஜேம்ஸ் அரசர் ஆங்கிலப் பதிப்பு கிரேக்க மூலத்தில் வரும் இரண்டு வேறு காசுகளை ஃபார்திங் என்றே குழப்பியிருக்க, இவர்கள் குருவி விலையைக் காசு என்றும் விதவையின் காணிக்கையைத் துட்டு என்றும் பிரித்தார்கள். துட்டே டச்சுக்காரன் கொடுத்த சொல் என்பது வேறு கதை.

ஃபார்திங்குக்கு என் சொல் கால்பென்னி. 'பென்னி தமிழா?' என்று தூய தமிழ் நண்பர்கள் முறைப்பார்கள். நாட்டு நாணயத்தின் பெயரை மாற்ற நாம் யார்? பின்னம்தான் நம்முடையது, அதில் நம்மிடம் பஞ்சமே இல்லை. 1828இல் இலங்கைக்கென அடித்த அரை ஃபார்திங், பென்னியில் எட்டில் ஒன்று: அரைக்கால்பென்னி. 1839இல் அதே இலங்கைக்கு வந்த கால் ஃபார்திங், பதினாறில் ஒன்று: வீசப்பென்னி. அளந்து தைத்த சட்டை மாதிரி உட்காருகிறது.

மால்டாவுக்காக அடித்த மூன்றிலொரு ஃபார்திங்தான் இடிக்கிறது. பன்னிரண்டில் ஒன்றுக்கு நம் பின்ன வாய்பாட்டில் ஒற்றைச் சொல் அகப்படவில்லை. அதை மட்டும் நீட்டித்தான் எழுதுகிறேன்.