காரின் நனைந்த கால்மிதிக்குத் தண்ணீர் வந்த வழி

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். முன்னால் போன லாரி வேகம் குறைத்ததும் நானும் பிரேக்கை மிதித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி, “என்னங்க, காலெல்லாம் ஈரமாகுது” என்று காலைத் தூக்கிக்கொண்டார். வானத்தில் மேகமே இல்லை. மழை பெய்தது முந்தின நாள் ராத்திரி. இறக்கம் முடிந்ததும் ஓரங்கட்டி, காலடியில் கிடந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். கார்ப்பெட் மேலுக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் அடியில் இருக்கும் பஞ்சிலிருந்து தண்ணீர் ஊறி நகத்தை மூடியது. எட்டு வருடம் ஓடிய அந்தக் காரை வாங்கி அப்போது ஐந்து மாதம்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: முன்கண்ணாடி லீக்கு. ஒரு டியூப் சிலிகான் வாங்கிக் கண்ணாடியைச் சுற்றி இழுத்தோம். அடுத்த மழையில் அதே இடம், அதே ஈரம். அதற்குப் பிறகுதான் கார் பாடி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் முதலில் மனதில் பதிந்தது இது: மழைத் தண்ணீர் துளிகூட உள்ளே வராதபடி யாரும் காரைச் செய்வதில்லை. வரவிட்டு, வழிகாட்டி, வெளியே அனுப்புகிறார்கள்.

பழைய ஓட்டு வீட்டு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழை நேராக வீட்டுக்குள்தான் விழுகிறது. ஆனால் முற்றம் தாழ்வாக இருக்கிறது, மூலையில் தூம்பு இருக்கிறது, தண்ணீர் தெருவுக்குப் போய்விடுகிறது. தூம்பில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறித் தாழ்வாரத்துக்கு வரும். அதற்காக யாரும் கூரையைப் பிரித்து மேய்வதில்லை. காரில் இப்படி நாலைந்து முற்றங்கள் உண்டு.

கதவு அதில் ஒன்று. ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்க வேண்டும் என்பதால் அதை அணைத்து நிற்கும் ரப்பரை ஒரேயடியாக இறுக்கிவிட முடியாது. கண்ணாடியில் வழியும் மழையில் ஒரு பங்கு கதவின் வயிற்றுக்குள்ளேயே இறங்கும். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் அதைக் கேபினுக்குள் விடாமல் கீழே இறக்க, கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சின்னத் துளைகள் வழியே தண்ணீர் ரோட்டில் சொட்டும். செகண்ட் ஹேண்ட் காரில் பல நேரம் முதலில் பலியாவது இந்த ஷீட்தான். ஸ்பீக்கர் மாற்றவோ கண்ணாடி மோட்டார் பார்க்கவோ பேடைக் கழற்றியவர் ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார். வெளியே ஒன்றும் தெரியாது. மழை வந்தால் பேடுக்குப் பின்னால் வழிந்து, படியைத் தாண்டி, தரையில் இறங்கிவிடும்.

இன்னொன்று, வைப்பருக்குக் கீழே கருப்புப் பிளாஸ்டிக் சல்லடை மூடியிருக்கும் தொட்டி. கவுல் என்பார்கள். முன்கண்ணாடி முழுவதிலும் விழும் மழை இங்கேதான் சேர்கிறது. இரண்டு ஓரத்திலும் இருக்கும் வடிகால் வழியே முன்சக்கரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். ஏசிக்கும் பிளோயருக்கும் வெளிக்காற்று எடுக்கும் வாயும் இதே தொட்டியில், சற்று உயரத்தில் இருக்கிறது. வண்டி ஓடும்போது கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடுவதால் காற்று தானாக உள்ளே ஏறும் என்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது. நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் இந்த வாய் இடப்பக்கம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால் மாட்டுக்கு மேலே வரும்.

சரி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் தண்ணீர் எப்படி நுழைகிறது? சொம்பை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் நேராக டம்ளரில் விழாமல் சொம்பின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு அடிவரை ஓடி, அங்கிருந்து சொட்டும். காரிலும் தகட்டின் அடிப்பக்கம், ஒயரின் முதுகு, கூரையைத் தாங்கும் பில்லரின் உள்சுவர் என்று ஒட்டிக்கொண்டே போகும் தண்ணீர், நுழைந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக்கூடச் சொட்டும். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் நிற்கும் தண்ணீர் டெயில் லைட் கேஸ்கெட் வழியாக வந்ததாக இருக்கலாம்.

இதோடு நுண்புழை ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. 0.1 மி.மீ. இடைவெளி விட்டு நிற்கும், நன்றாக நனையக்கூடிய இரண்டு சுத்தமான தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் ஏறக்குறைய 15 செ.மீ. உயரம் தானாக ஏறும். 1 மி.மீ. இடைவெளி என்றால் ஒன்றரை செ.மீ.தான். அதனால்தான் தகடுகள் சேரும் இடத்தை அடைத்திருக்கும் சீலர் பசை தலைமுடி அளவுக்கு வெடித்தாலும் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேகத்தையும் விடக் கூடாது. 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல், அதாவது 3 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் அளவு. நிற்கும் வண்டியில் விளிம்பைத் தாண்டாத தண்ணீர், ஓடும் வண்டியில் தாண்டும். ஓடும்போது மட்டும் ஒழுகும் வண்டியைப் பட்டறையில் நிறுத்தி எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் பிடிபடாமல் போவதற்கு இது ஒரு காரணம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றி, பிளோயரை வெளிக்காற்றில் முழு வேகத்துக்கு வைத்துவிட்டு, கண்ணாடி ஓரத்திலும் கதவு ரப்பரிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே அழுத்தம் ஏறியிருப்பதால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். டிக்கியில் ஓரளவு நுரை வந்தால் பயப்பட வேண்டாம். உள்காற்று வெளியேற அந்தப் பக்கம் வேண்டுமென்றே ஒரு திறப்பு வைத்திருப்பார்கள்.

தேட ஆரம்பிக்கும் முன் ஈரம் எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சித்திரை வெயிலில், மழையே இல்லாமல் மேட் நனைந்தால் அது ஏசித் தண்ணீர். 30 டிகிரியில் முழு ஈரம் ஏறிய ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான். மிச்சம் குளிர்ச்சுருளில் தண்ணீராகி, ஒரு ரப்பர் குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசி ஓடியும் அடியில் சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. ஈரம் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட், ஹீட்டர் பக்கம் கசிகிறது. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மழையோடு மட்டும் வரும் ஈரத்துக்கு ஓஸ் பைப் போதும். பென்னாகரம் ரோட்டில் ஒரு டிங்கரிங் பட்டறையில் என் வண்டியை அப்படித்தான் பார்த்தோம். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு மேஸ்திரி டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொண்டார். நான் வெளியே, பிரஷர் இல்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் தண்ணீர் விட்டேன். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். கதவுக்கு விட்டோம், ஒன்றுமில்லை. கண்ணாடியின் அடியோரத்துக்கு விட்டோம். ஐந்து நிமிடம் வரை ஒன்றுமே இல்லை. ஓஸை எடுக்கப் போனவனை அவர் நிறுத்தினார்: “இருங்க சார், கொஞ்சம் விடுங்க.” பத்தாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் டொக், டொக் என்று சத்தம். “கண்ணாடி இல்ல சார். பிளோயர்லேர்ந்து சொட்டுது, வந்து பாருங்க.”

அந்தப் பத்து நிமிடத் தாமதம்தான் எனக்குப் பாடம். ஓட்டை என்றால் தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்திலேயே கசிந்திருக்கும். தாமதமாக வந்தால் எங்கோ ஒரு தொட்டி நிரம்பி வழிகிறது. கவுல் சல்லடையைக் கழற்றினோம். இரண்டு கைப்பிடி புளிய இலை, மக்கிக் கருத்து, கல்தூசியோடு குழைந்து வடிகாலில் ஆப்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. மா இலை சல்லடைக்கு மேலேயே நின்றுவிடும், கையால் பொறுக்கலாம். புளிய இலையின் ஒவ்வொரு துண்டும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சல்லடைக் கண்ணில் சுலபமாக இறங்கிவிடும். நம் பக்கம் நிழல் என்றாலே புளிய மரம்தான். முந்தைய ஓனர் வருடக்கணக்கிலும் நான் வாங்கிய நாளிலிருந்தும் அந்த நிழலில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். குளோவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவினால், அதிலும் ஈரத்தோடு இலைத் துணுக்குகள்.

நான் போட்ட சிலிகானைப் பார்த்து மேஸ்திரி வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. முன்கண்ணாடி பாடியோடு பாலியுரித்தேன் பசையால் ஒட்டப்பட்டது. நாளைக்குக் கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் சிலிகான் படிந்த இடத்தில் அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. புளித்த வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் என்றால் அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

வாங்கும் முன் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஒழுகும் காரும் வெள்ளத்தில் நின்ற காரும் மூக்குக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் நின்றிருக்கிறது. சீட் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழி மூலையில் வண்டல், சீட்டுக்கு அடியில் கனெக்டரில் பச்சைப் பூப்பு, எல்லாம் அதே சாட்சி. அப்படிப்பட்ட வண்டியை நான் என்ன விலைக்கும் வாங்கமாட்டேன்.

வழியை அடைத்தபின் ஈரத்தை எடுப்பது தனி வேலை. கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்தினால் போதாது. பகலில் பஞ்சிலிருந்து எழும் ஆவி வெளியே போக வழியின்றி, இரவில் குளிர்ந்த கண்ணாடியில் உள்பக்கம் பனியாகப் படிந்து மறுபடி கீழே இறங்கும். மார்கழிக் காலையில் உங்கள் காரின் கண்ணாடி மட்டும் உள்ளே வேர்த்திருந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். நாங்கள் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, சீட்டை எடுத்து, பஞ்சைப் பிரித்து காம்பவுண்டு சுவரில் போட்டோம். ஏர்பேக் கனெக்டர் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அந்த நிதானம் அவசியம். பஞ்சு காய நான்கு நாள் ஆனது.

இப்போது ஐப்பசி பிறக்கும் முன்னால் சல்லடை மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்க்கிறேன். ஊற்றி முடிப்பதற்குள் மண்ணில் விழுகிறது.